லினக்ஸ் முறைமைகளின் கைபேசிப் பெயர்ச்சி: ஒரு வரலாற்று நோக்கு

விலைகொடுத்து ஒரு கருவியை வாங்கியவனுக்கு, அக்கருவியினுள் எம்முறைமை இயங்கவேண்டும் எனத் தீர்மானிக்கும் உரிமையும் உண்டோ? மேசைக் கணினியைப் பொறுத்தவரை இவ்வினா பெரிதும் விடை கண்டுவிட்டது. அதிலுள்ள பணிசெயல் முறைமையை அகற்றி லினக்ஸ் முறைமையொன்றை நிறுவுதல் ஒரு பிற்பகல் வேலையே. திறன்பேசியின் நிலை அவ்வாறன்று. அன்ட்ரொயிட் பேசியொன்றிலே பிறிதொரு லினக்ஸ் முறைமையைப் பெயர்த்தமைக்கும் முயற்சி, வல்லுநர் பலரின் பல மாத உழைப்பினை விழுங்கிய பின்னரும் குறையுடனேயே நின்றுவிடுவதுண்டு.

இதில் வியப்பளிப்பது யாதெனில், அன்ட்ரொயிட்டின் அடித்தளத்தில் இயங்குவதும் லினக்ஸ் உட்கருவே என்பதாகும். 1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடக்கிய அவ்வுட்கரு, 1992 முதல் ஜி.பி.எல். உரிமத்தின் கீழ் வழங்கப்பட்டு வருகின்றது. அதனை மாற்றியமைத்து விற்போர் மூலநிரலையும் அளிக்கக் கடமைப்பட்டவராவர். ஆயின் 2008இல் முதலாவது பேசியுடன் சந்தைக்கு வந்த அன்ட்ரொயிட், உட்கருவினை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதன்மேல் முற்றிலும் வேறான கட்டடத்தை எழுப்பியது. ஏனைய லினக்ஸ் முறைமைகள் பலவற்றுக்குப் பொதுவான கிளிப்சி நிரல்நூலகத்தின் இடத்திலே பயோனிக் என்னும் புதியதொன்று வைக்கப்பட்டது. வரைவியல், கமரா, வானொலி முதலியவற்றை இயக்கும் இயக்கிகளின் முக்கிய பகுதிகள் உட்கருவுக்கு வெளியே, மூலநிரலற்ற இருமக் கோப்புகளாக அமைந்தன. உட்கருவின் உரிமம் அங்கு எட்டுவதில்லை. சட்டத்தின் எழுத்து காக்கப்பட்டது. அதன் நோக்கம் வாயிலிலேயே நிறுத்தப்பட்டது எனின் அது மிகையன்று.

இவ்வரலாற்றின் மற்றைய ஊற்று பின்லாந்திலே தோன்றியது. நொக்கியா நிறுவனம் 2005இல் 770 என்னும் கருவியிலும், 2009இல் என்900 பேசியிலும் மேமோ என்னும் லினக்ஸ் முறைமையைப் பயன்படுத்தியது. 2010இல் அது இன்டெல்லின் மொப்லினுடன் இணைந்து மீகோ ஆயிற்று. மறு ஆண்டே நொக்கியா விண்டோஸ் போனைத் தழுவியது. தம் நிறுவனத்தைத் தீப்பற்றிய மேடைக்கு ஒப்பிட்டு அதன் தலைவர் ஸ்டீபன் எலொப் எழுதிய மடல் அக்காலத்திற் பெரிதும் பேசப்பட்டது. வெளியேறியோர் சிலர் அவ்வாண்டிலேயே நிறுவிய கம்பனியின் பெயர் யொல்லா. பின்னிய மொழியில் அச்சொல் சிறு தோணியைக் குறிக்கும்; வாய்ப்பான பெயர்தான்.

தோணியேறியோரை எதிர்நோக்கிய இடர் வெளிப்படையானது. வன்பொருள் உற்பத்தியாளர் அன்ட்ரொயிட்டுக்கே இயக்கிகளைச் செய்தனர். சிறு கம்பனிக்காக வேறு செய்வார் எவருமிலர். இதற்கு விடையாக 2012இல் வெளிவந்தது கார்ஸ்டன் மங்க் உருவாக்கிய லிப்ஹைப்ரிஸ். பயோனிக்கிற்கென ஆக்கப்பட்ட இயக்கிகளை கிளிப்சிச் சூழலுள் ஏற்றி, அவை விடுக்கும் அழைப்புகளுட் சிலவற்றை இடைமறித்து, கிளிப்சியின் நிகரான செயற்கூறுகளுக்குத் திருப்பிவிடுவதே அதன் உத்தி. இருமொழியறிந்த துபாசி ஒருவர் இரு தரப்பாருக்குமிடையே அமர்ந்தமை போன்றது இது. 2013இன் பிற்பகுதியில் வெளிவந்த யொல்லாவின் பேசி, இதன் துணையுடனேயே செயில்பிஷ் முறைமையை இயக்கியது. போட்டியாளரான கனோனிக்கல் நிறுவனத்தின் உபுண்டு டச் முறைமையும் இதனையே நாடியது.

உபுண்டுவின் தொடக்க வடிவங்கள் சுவையானவை. 2013 பெப்ரவரியில் நெக்ஸஸ் கருவிகளுக்கென வெளியான முன்னோட்டத்திலே அன்ட்ரொயிட் வீட்டுக்காரராகவும், உபுண்டு அதனுள் ஒரு மூலையில் ஒதுங்கிய குடியிருப்பாளராகவும் இருந்தன. சில மாதங்களில் இவ்வொழுங்கு தலைகீழாக்கப்பட்டது. உபுண்டு நேரே தொடங்க, வன்பொருளுடன் உரையாடுதற்கு வேண்டிய அளவு அன்ட்ரொயிட் மட்டும் கொள்கலனொன்றில் அடைக்கப்பட்டது. ஆயினும் அவ்வாண்டில் உபுண்டு எட்ஜ் பேசிக்காக 3 கோடியே 20 இலட்சம் டொலர் திரட்ட எடுத்த முயற்சி, ஏறத்தாழ 1 கோடியே 28 இலட்சத்துடன் நின்றுபோயிற்று. 2017 ஏப்ரலில் கனோனிக்கல் இத்துறையினின்றும் விலகுவதாக அதன் நிறுவுநர் மார்க் சட்டில்வேர்த் அறிவித்தார். கைவிடப்பட்ட முறைமையை யுபிபோர்ட்ஸ் என்னும் தன்னார்வலர் குழு பொறுப்பேற்றது.

அதே 2017, பாதை இரண்டாகப் பிரிந்த ஆண்டாகவும் அமைந்தது. ஒவ்வொரு குழுவும் தனித்தனியே செய்துவந்த அன்ட்ரொயிட் இணைப்பு வேலையைப் பொதுவாக்கும் நோக்குடன் ஹேலியம் திட்டம் எழுந்தது. கூகிள் அவ்வாண்டில் அன்ட்ரொயிட் 8 பதிப்பிலே உற்பத்தியாளரின் இயக்கிகளைத் தனிப் பிரிவாக்கியமை இதற்குப் பின்னர் கைகொடுத்தது. மறுபுறத்தில், அல்பைன் லினக்ஸினை அடியாகக் கொண்ட போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், கருவியொன்று பத்தாண்டு பயன்படவேண்டும் என்ற இலக்கினை முன்வைத்தது. உற்பத்தியாளரின் பழைய உட்கருவை விடுத்து, டோர்வால்ட்ஸ் மேற்பார்வையிலுள்ள மூல உட்கருவிலேயே கருவிகளை இயங்கச் செய்தல் அதன் விருப்பம்.

முதல் வழி விரைவானது. அதன் விலை கனத்தது. இருமக் கோப்புகள் குறித்ததோர் உட்கருவையே எதிர்பார்ப்பதால் முறைமை முழுவதும் அப்பழைமையுடன் பிணைக்கப்படுகின்றது. 2013இன் நெக்ஸஸ் 5, உற்பத்தியாளரின் இறுதி வெளியீடு வரை 3.4 பதிப்பு உட்கருவுடனேயே இருந்தது. பிளாஸ்மா மொபைல் குழுவினர் 2020 டிசம்பரில் ஹேலியத்தைக் கைவிட்டமைக்கு இத்தகைய காலாவதியான உட்கருக்களும் காரணமாயின. இரண்டாம் வழியிலோ, பேசி தொடங்கும், திரை ஒளிரும்; அழைப்பின் ஒலிக்கும் கமராவுக்கும் ஆண்டுக்கணக்கிற் காத்திருத்தல் நேரலாம். நாளாந்தப் பாவனைக்கு முதல் வழியைத் தெரிந்தோரைக் குறைகூறுதல் நியாயமன்று. எனினும் காலங்கடந்தும் பேசியை வாழவைக்க வல்லது இரண்டாம் வழியே என்பதற்கு என்900 சான்றாகின்றது. நொக்கியா கைவிட்ட அப்பேசிக்கான நிரல், வரைவியல் இயக்கி முதலிய சில நீங்கலாக, மூல உட்கருவினுள் முன்னரே இடம்பெற்றிருந்தது. அதன் பின் பிறந்த அன்ட்ரொயிட் பேசிகள் பல குப்பைக்குச் சென்றுவிட, 2009இன் அப்பேசி மிகப் பிந்திய பதிப்பு உட்கருக்களையும் ஏற்று இயங்கிற்று.