பைபர் படகுப் பழுதுபார்ப்பு

இலங்கையின் வன்னியில் இயந்திரப் படகுகளை முல்லைத்தீவுக் கரையில் காணலாம். அங்குள்ளவை பெரும்பாலும் மீன்பிடிப் படகுகள். ஆனாலும் கீழே சொல்லும் பழுதுபார்ப்பு முறை உல்லாசப் படகுக்கும் பொருந்தும்.

படகின் ஓட்டில் வெடிப்பு விழுந்தால் மேலே பசை பூசி மறைப்பது வீண்வேலை. சாயத்தையும் ஜெல்கோட் என்னும் மேற்பூச்சையும் தேய்த்தெடுத்து, வெடிப்பின் விளிம்பை ஓட்டின் தடிப்பைப்போல் ஏறத்தாழ 12 மடங்கு அகலத்துக்குச் சரிக்கவேண்டும். பிறகு கண்ணாடியிழைப் பாயைத் துண்டுதுண்டாக வெட்டி, பொலியெஸ்டர் ரெசினில் ஊறவைத்து அடுக்கலாம். ரெசினுக்கு ஹார்டனர் பொதுவாக 1 முதல் 2 வீதம் போதும். கூடினால் சூடேறி வெடிக்கும், குறைந்தால் இறுகாது. கோபால்ட் முடுக்கியையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலக்கவே கூடாது, தீப்பற்றும். ஈரமான ஓட்டில் ரெசின் பிடிக்காது என்பதால், ஒக்டோபரில் தொடங்கும் மாரிக்கு முன்பே இவ்வேலையை முடிப்பது நல்லது.

வெளியிணைப்பு இயந்திரத்தைக் கடலில் ஓட்டியபின் நன்னீர் விட்டுக் கழுவவேண்டும். குளிரூட்டும் நீர் பீச்சுவது மெலிந்தால் பம்பின் ரப்பர்ச் சில்லைப் பார்க்கவும். அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் கட்டி தேய்ந்தால் மாற்றவேண்டும். அதன்மேல் சாயம் பூசக்கூடாது.