கோடைக்கு எடுத்துவைத்த மரக்கறி

யாழ்ப்பாணக் குடாநாட்டிற்கு மேற்கே, ஒல்லாந்தர் லெய்டன் எனப் பெயரிட்ட வேலணைத்தீவில் அமைந்த சுருவில் போன்ற ஊர்களின் உணவு வரலாறு நீரிலிருந்தே தொடங்குகின்றது. ஆறு எதுவும் ஓடாத இச்சுண்ணக்கல் நிலத்துக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே கிடைப்பதாலும், நிலத்தடியில் தேங்கும் நன்னீர் கோடை முதிர முதிரக் குறைந்து கிணறுகள் பல உவர்த்துப்போவதாலும், ஈழத்தமிழர் மரக்கறி என வழங்கும் காய்கறி ஆண்டு முழுவதும் ஒரே அளவில் விளைவதில்லை. மாரியில் மிகுவதைக் கோடைக்குக் கடத்துவது எவ்வாறு என்பதே தீவுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து விடைகண்ட கேள்வியாகும்.

அவ்விடைகளுள் தலையாயது ஒடியல். மாரிக்கு முன் பாத்தியில் அடுக்கிய பனங்கொட்டைகள் முளைத்துத் தரும் கிழங்கைத் தை மாத அளவில் கிண்டியெடுத்து, தோலுரித்து, இரண்டாகக் கிழித்துப் பச்சையாகவே வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினால் புழுக்கொடியல். ஒடியலை இடித்த மாவின் கசப்பை நீரில் ஊறவிட்டு வடித்து அகற்றிய பின்னரே கூழோ பிட்டோ ஆக்குவர். இம்மாவைப் பஞ்சகால உணவென்று மட்டும் எழுதிச் செல்வது போதாது. ஒடியற் கூழில் மீனோடு பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, முசுட்டை இலை, முருங்கையிலை என அன்றன்று கிடைப்பனவெல்லாம் இடம்பெறுகின்றன. ஒடியற் பிட்டிலும் கீரையும் காயும் மாவோடு கலந்தே அவிகின்றன. சேமித்த மா, வேலியிலும் வளவிலும் தளிர்த்த இலையைத் தட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது என்பதே அதன் பெருஞ்சிறப்பு.

பங்குனி, சித்திரையில் வேம்பு பூக்கும்போது, பூவை உழுந்து, வெங்காயம், செத்தல் மிளகாய் ஆகியவற்றோடு சேர்த்துத் தட்டி உலர்த்தும் வடகமும், கீறிய மிளகாயை இரவில் உப்பிட்ட மோரில் ஊறவைத்துப் பகலில் காயவிடும் மோர்மிளகாயும், கத்தரி, பாகல் வற்றல்களும் அதே வெயிலின் கொடைகள். அமெரிக்கக் கண்டத்துப் பயிரான மிளகாய் போர்த்துக்கேயர் வழியாக ஆசியக் கரைகளை அடைந்தது என்பதை நினைத்தால், மோர்மிளகாய் பழைய கைத்திறனுக்குள் பின்னாளில் நுழைந்த புதுப்பொருள் என்பது தெளிவாகும்.

இவ்வாயத்தம் பருவத்தைச் சார்ந்தது; கிழமைக்கொரு முறை வருவதோ வெள்ளிக்கிழமை. கடலே வாழ்வாதாரமான தீவிலும், சைவ வீடுகள் அன்று மச்சம் விலக்கி, அதாவது மீனும் இறைச்சியும் நீக்கி, வீடு கழுவி, வேறு சட்டியில் சமைத்தன. முருங்கையிலை வறை (தேங்காய்ப்பூவுடன் வறுத்தெடுக்கும் கறி), பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி ஆகியவற்றோடு பொரித்த வடகமும் மோர்மிளகாயும் இலையில் சேர்ந்தபோது, மரக்கறி மீனுக்குத் துணை என்ற நிலையிலிருந்து உணவின் நடுவிடத்துக்கு உயர்ந்தது. கந்தசஷ்டி, புரட்டாதிச் சனி போன்ற விரதங்கள் அந்நாள்களின் தொகையை மேலும் கூட்டின.

1990ஆம் ஆண்டு தீவுப்பகுதியைப் போர் சூழ்ந்தபோது மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர, பாத்தி வெட்டிய வளவுகள் பற்றைகளால் மூடப்பட்டன. ஆயினும் ஒடியல் மா இன்று ரொறொன்ரோவிலும் இலண்டனிலும் தமிழ்க் கடைகளில் பொதிகளாக விற்பனையாகின்றது. முசுட்டை கிடைக்காத அவ்வூர்களில் கூழுக்குப் பசளிக்கீரையை அரிந்து போடுகின்றனர்.