சீழில் கிடைத்த உணவு

பிள்ளை பெற்ற தாயரைக் கொன்றுவந்த சுரத்திற்கு 1936-இல் லண்டனில் மருந்து கிடைத்தது. ஜெர்மானிய அறிஞர் டோமாக் அதற்கு முந்திய ஆண்டு வெளியிட்ட பிராண்டோசில் என்னும் செந்நிறச் சாயமே அது. உடலுள் அதிலிருந்து பிரியும் நிறமற்ற சல்பனிலமைடே நோயைத் தணிக்கிறது என்று பாரிஸ் பாஸ்டர் நிலையத்தார் காட்டினர். ஆயினும் சீழ் கட்டிய புண்ணில் இம்மருந்து தோற்றது. ஏன்?

1940-இல் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் டொனால்டு உட்ஸ் ஈஸ்ட் சாற்றைச் சேர்த்துப் பார்த்தார். கிருமிகள் மருந்தை மீறித் தழைத்தன! அச்சாற்றில் பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தை ஒத்த பொருள் இருப்பதாக அவர் முடிவு செய்தார். அமிலமும் மருந்தும் உருவில் ஏறத்தாழ இரட்டையர். அமிலத்தைக் கொண்டு கிருமி போலிக் அமிலம் ஆக்கிக்கொள்கிறது. மருந்தோ அமிலத்தின் இடத்தில் அமர்ந்து அவ்வேலையைத் தடுக்கிறது. கிருமி உடனே சாவதில்லை. பட்டினியால் பெருக்கம் நிற்கிறது. நாம் போலிக் அமிலத்தைக் கீரையிலும் பருப்பிலும் பெறுவதால் நமக்கு அப்பட்டினி இல்லை.

நம்மை மிகவும் வியக்கவைப்பது அளவுதான். அமிலம் சிறிதளவு கிடைத்தாலும், அதைப்போல் பல்லாயிர மடங்கு மருந்து பயனற்றுப்போகிறது. சிதைந்த தசையும் சீழும் அவ்வமிலத்தையும், போலிக் அமிலத்தின் துணையால் கிருமி ஆக்கவேண்டிய பிற பொருள்களையும் ஆயத்தமாகவே அளித்துவிடுகின்றன. எனவே, புண்ணைத் துப்புரவாக்காமல் சல்பாத் தூளைத் தூவிப் பெரும்பயன் இல்லை. வலி மறக்கப் போடும் புரோக்கெயின் ஊசிமருந்துங்கூட உடலில் சிதைந்து இதே அமிலத்தைத் தருகிறது.