பமேலாவுக்குக் கிடைத்த பரிசு

வெகுசனக் கதைகள் காதலைப் பற்றித் தவறான பாடம் புகட்டுகின்றனவா? பத்திரிகைத் தொழிலில் நான் பலமுறை செவிமடுத்த கேள்வி இது. ஆங்கில நாவலின் வரலாற்றில் இதற்கு வயது 280 ஆண்டுகளுக்கும் அதிகம்.

இலண்டனில் அச்சகம் நடத்தியவர் சாமுவேல் றிச்சட்சன். நாட்டுப்புற மக்களுக்கென மாதிரிக் கடித நூலொன்றை எழுதித் தருமாறு நூல் விற்பனையாளர் இருவர் அவரைக் கேட்டிருந்தனர். 1741 இல் வெளிவந்த அந்நூலில், எசமானின் தகாத முயற்சியை அறிந்த தந்தை, வேலைக்குச் சென்ற மகளை உடனே வீடு திரும்புமாறு எழுதுகிறார். மகளும் புறப்பட்டு விடுகிறாள். விடயம் அத்துடன் முடிகிறது.

அந்நூலை எழுதும்போதே அதே கருவிலிருந்து பிறந்தது, 1740 நவம்பரில் வெளியான ‘பமேலா’ நாவல். இங்கே 15 வயதுப் பணிப்பெண் வீடு போய்ச் சேர்வதில்லை. எசமான் அவளைத் தொல்லைப்படுத்துகிறான். ஏமாற்றிக் கடத்திச் சிறைவைக்கிறான். அவள் எழுதியவற்றைப் படித்து மனம் மாறுகிறான். ஈற்றில் மணம் முடிக்கிறான். நல்லொழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு என்பது நூலின் துணைத் தலைப்பு. கடத்தியவனே பரிசாகிறான்!

நூல் பெருவரவேற்புப் பெற்றது. 1741 இல் ஹென்றி பீல்டிங் ‘ஷமேலா’ எழுதி அதனைப் பரிகசித்தார். ஆனால் அவரோ அப்பெண்ணையே சூழ்ச்சிக்காரியாக்கினார். இளம் பணிப்பெண்ணைத் துரத்தும் எசமானின் அதிகாரம் கேள்விக்குள்ளாகவில்லை.

அதற்கு மறுமொழி கூறியவர் றிச்சட்சனே. 1747-48 இல் ஏழு பாகங்களாக வந்த ‘கிளாரிஸா’வின் முன்னுரையில், திருந்திய தூர்த்தனே சிறந்த கணவனாவான் என்ற எண்ணம் ஆபத்தானதென எச்சரித்தார். மயக்கமருந்து கொடுத்துத் தன்னைக் கெடுத்த லவ்லேஸை மணக்கக் கிளாரிஸா மறுத்து, இறந்துபோகிறாள். வாசகர்களோ இருவரையும் சேர்த்து வைக்குமாறு அவருக்குக் கடிதங்கள் எழுதினர். லவ்லேஸின் கொடுமையை உணர்த்த, அடுத்தடுத்த பதிப்புகளில் அடிக்குறிப்புகளும் புதிய பகுதிகளும் சேர்க்க வேண்டியதாயிற்று.

முன்னுரையின் அறிவுரையை விடக் கதையின் முடிவே மனதில் தங்குகிறது என்பது இதிலிருந்து நான் பெறும் பாடம். வன்முறை காதலாகக் கனியும் என்ற முடிவு இன்றும் விலைபோகிறது. அதைத் தடைசெய்யுமாறு நான் கேட்கமாட்டேன். ஆயின், மறுக்கத் தெரிந்த பெண்ணின் கதையும் அதே ஆர்வத்துடன் படிக்கும் வண்ணம் எழுதப்பட வேண்டும். மகளை வீட்டுக்கு அழைத்த அந்தத் தந்தையின் கடிதம் எவரையும் பரவசப்படுத்தியிராது. அவளைக் காக்க அதுவே போதுமானதாயிருந்தது.