கேமராவும் கூச்சமும்: யாருடைய உடம்பை யார் பார்ப்பது?

உடம்பைப் படம் எடுப்பது என்றாலே நம்மில் பலர் "சீ, அசிங்கம்!" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். ஆனால் நம் நாட்டில் புகைப்படம் வளர்ந்த கதையைக் கொஞ்சம் புரட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் புரிகிறது. இந்தக் கூச்சம் எல்லா உடம்புக்கும் ஒரே மாதிரி இருந்ததே இல்லை. சிலருடைய உடம்பு மூடி வைக்கப்பட வேண்டியது. சிலருடைய உடம்பை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்! இன்றைய புகைப்படக் கலைஞர்கள் சிலர் இந்த ஓரவஞ்சனையைத்தான் கேள்வி கேட்கிறார்கள்.

கேமரா வந்தபோது

புகைப்படக் கலை 1839-ல் பாரிஸில் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. 1856-லேயே சென்னையில் ஒரு புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். அப்போது இங்கே உடை விஷயம் எப்படி இருந்தது? நம் கொள்ளுப்பாட்டிகள் காலத்தில் ரவிக்கை போடாத பெண்கள் ஏராளம். பல ஊர்களில் அதை யாரும் குறையாகப் பார்க்கவில்லை. ஆனால் திருவிதாங்கூரில் கதை வேறு. அங்கே நாடார் பெண்கள் விரும்பினாலும் மார்பை மறைக்கக் கூடாது என்பது சாதிக் கட்டுப்பாடு. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859-ல் அரச அறிவிப்பு மூலம்தான் அந்த உரிமை கிடைத்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் உடுத்தக் கூடாது என்று நிபந்தனை!

ஆக, மறைப்பதற்கே அனுமதி வாங்க வேண்டிய சமூகத்தில்தான் கேமரா வந்து இறங்கியது.

கட்டம் போட்ட திரை

1869-ல் லண்டனில் ஜான் லாம்ப்ரே என்பவர் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். பட்டு நூலால் இரண்டு அங்குலச் சதுரங்கள் கட்டிய சட்டத்தின் முன்னால் மனிதர்களை நிர்வாணமாக நிறுத்திப் படம் எடுப்பது. கட்டங்களை வைத்து உடம்பின் அளவுகளை ஒப்பிடலாம் அல்லவா? 1890-களில் அந்தமானில் ஆங்கிலேய அதிகாரி மாரிஸ் விடல் போர்ட்மேன் அங்குள்ள பழங்குடி மக்களைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்திப் படம் எடுத்தார். அந்த மக்களுக்கு உடையின்மை ஒரு வெட்கமே இல்லை. ஒரு பொருளைப் போல நிறுத்தி அளந்ததுதான் அவமானம்.

சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டனும் இதே காலத்தவர்தான். மூக்கு, மண்டை என்று அளந்து, படங்களோடு 1909-ல் ஏழு தொகுதிகளாகத் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூலை வெளியிட்டார்.

இதைவிடக் கொடுமை, 1876-78 பஞ்சம். சென்னை ராணுவத்தைச் சேர்ந்த டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற அதிகாரி, எலும்பும் தோலுமாக இருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் படம் எடுத்தார். அதே ஹூப்பர் 1886-ல் மாந்தளையில் கைதிகள் சுட்டுக் கொல்லப்படும் நொடியைப் படம் பிடிக்க முயன்றார். விஷயம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை போய் விசாரணை நடந்தது.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1892-ல் ஹைதராபாத்தில் ராஜா தீன் தயாள், கோஷாப் பெண்களுக்கென்றே உயர்ந்த மதில்களுடன் தனி ஸ்டூடியோ திறந்தார். படம் எடுத்தவரும் ஒரு பெண்ணே. ஒரே நாடு, ஒரே காலம். ஒருத்திக்கு மதில். இன்னொருத்திக்குக் கட்டம் போட்ட திரை.

செத்த உடம்பு

உடம்பு பற்றிய தயக்கங்களில் சாவுத் தீட்டும் ஒன்று. பிணம் கிடக்கும் வீட்டில் அடுப்புகூட எரியாது. ஆனாலும் நம் ஸ்டூடியோக்காரர்கள் சாவு வீட்டுக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இறந்தவருக்கு மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்து, குடும்பமே சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டது. சிலருக்கு வாழ்நாளில் எடுத்த ஒரே படம் அதுதான்!

இங்கே சாரத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் செயின்ட் லூயிஸ் வீதியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. 2010-களில் அதன் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆதரவோடு பழைய தமிழ் ஸ்டூடியோப் படங்களைத் தேடி மின்வடிவில் சேமித்தார்கள். இறந்தவர் படங்களும் அவற்றில் உண்டு. பஞ்சப் படத்தையும் இதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் பார்க்கச் சங்கடமான உடம்புதான். ஆனால் இதில் படத்தைக் கேட்டது அந்த வீட்டு ஆட்கள். எடுத்த காரணம் அன்பு.

திருப்பிப் பார்க்கும் கண்

இனி நம் காலத்துக்கு வருவோம். பெங்களூர்க் கலைஞர் புஷ்பமாலா என்., புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000 முதல் 2004 வரை தென்னிந்தியப் பெண்கள் பற்றி ஒரு படத்தொடர் செய்தார். ரவிவர்மா ஓவியத்துப் பெண், சினிமாப் பெண் என்று பல வேடங்களைத் தானே போட்டார். அதில் ஒன்று, கட்டம் போட்ட திரைக்கு முன்னால் அளக்கப்படும் பழங்குடிப் பெண். அந்தக் காலத்துப் பெண்ணிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இவரோ தானே முடிவு செய்து போய் நிற்கிறார். பார்த்ததும் சிரிப்பு வரும், அப்புறம் அந்தப் பழைய படங்கள் ஞாபகத்துக்கு வந்து சிரிப்பு நின்றுவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து இரண்டு பேர். வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன், கூவாகம் திருவிழாவுக்கு வந்து விழுப்புரம் விடுதிகளில் தங்கும் திருநங்கையரைப் படம் எடுத்தார். வருடாவருடம் சித்திரையில் கூவாகத்துக்குக் கேமராக்கள் கூட்டமாக வரும். தாலி கட்டுவதும் மறுநாள் அறுப்பதும் அவற்றுக்கு நல்ல 'காட்சி'. ஜெய்சிங்கோ விடுதி அறைக்குள் போய், அவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ளும் விதத்தைப் படமாக்கினார்.

மதுரையைச் சேர்ந்த எம். பழனிக்குமார், மீன் விற்கும் தாயின் மகன். 2017-ல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். துப்புரவுத் தொழிலாளர்களின் உடம்பையும், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களையும் தொடர்ந்து படம் எடுக்கிறார். கையால் மலம் அள்ளவைப்பதை 1993-லும் 2013-லும் இரண்டு சட்டங்கள் தடை செய்தன. சாவுகள் நிற்கவில்லை. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்புவதும் அதற்கு ஒரு காரணம். பழனிக்குமாரின் படங்கள் அந்த முகத்தைத் திருப்பி வைக்கின்றன.

நமக்கு என்ன?

இவர்களில் யாரும் அதிர்ச்சி கொடுப்பதற்காக உடம்பைக் காட்டவில்லை. ஹூப்பர் படத்திலும் பழனிக்குமார் படத்திலும் துன்பப்படும் உடம்புதான் இருக்கிறது. ஆனால் ஒன்றில் அந்த மனிதருக்குப் பேர் கிடையாது, எடுத்தவருக்கு அவரோடு உறவும் கிடையாது. மற்றொன்றில் இரண்டும் உண்டு.

இன்று நம் எல்லோர் பையிலும் கேமரா இருக்கிறது. விபத்தில் கிடப்பவரையும், தெரியாத பெண்ணையும் கேட்காமலே எடுத்து அடுத்த நிமிடம் அனுப்பிவிடுகிறோம். அதே சமயம் மாதவிடாய், திருநங்கை, மலக்குழிச் சாவு என்று பேச்செடுத்தால் கூச்சப்படுகிறோம். கூச்சம் தேவைதான் நண்பர்களே. ஆனால் அது எடுக்கப்படுபவரின் உடம்பைப் பார்த்து வர வேண்டியதில்லை. கேட்காமல் எடுக்கும் நம் கைக்கு வந்தால் போதும்.