'குணசாலியான ஸ்திரீ'ன்னா யாரு? பைபிளில் ஒரு எபிரேய வார்த்தை அர்த்தம் மாறிய கதை

கிறிஸ்தவக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறவங்க இந்த வார்த்தையைக் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆராதனை நடுவே போதகர் நீதிமொழிகள் புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைத் திறப்பார். 'குணசாலியான ஸ்திரீ' பற்றிய வசனங்கள் வாசிக்கப்படும். கேட்டுக்கொண்டிருக்கிற பலர் மனதில் ஒரே உருவம்தான் வரும்: அமைதியான பெண், அதிர்ந்து பேசாதவள், சொன்ன சொல் தட்டாத மருமகள்.

ஆனால் அந்த வசனம் முதலில் எழுதப்பட்ட எபிரேய மொழியில் அந்த இடத்தில் இருப்பது 'ஹாயில்' என்கிற வார்த்தை. படை, வலிமை, வீரம், செல்வம், திறமை என்று பல அர்த்தம் கொண்டது. அமைதி, அடக்கம் என்ற அர்த்தம் மட்டும் அதில் கிடையாது.

அப்படியென்றால் யூதர்களின் வேதத்திலும் கிறிஸ்தவ வேதத்திலும் 'நல்ல பெண்' என்று பெயர் எடுத்தவர்கள் எதற்காக எடுத்தார்கள்?

பாட்டில் அப்படி என்னதான் இருக்கு?

நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரம், 10 முதல் 31 வரை மொத்தம் 22 வசனங்கள். எபிரேய மொழியில் எழுத்துகளும் 22. ஒவ்வொரு வசனமும் அகர வரிசையில் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்கும். நம்ம ஆத்திசூடி மாதிரி, மனப்பாடம் செய்ய வசதியான அமைப்பு. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் லேமுவேல் என்ற அரசருக்கு அவருடைய தாய் சொன்ன புத்திமதி வருகிறது. அதைத் தொடர்ந்துதான் இந்தப் பாட்டு.

இதில் வரும் பெண் என்னவெல்லாம் செய்கிறாள் என்று பாருங்கள். கம்பளியும் சணலும் தேடி வாங்குகிறாள். வியாபாரக் கப்பல் போலத் தூரத்திலிருந்து உணவு கொண்டுவருகிறாள். நிலத்தைப் பார்த்து, யோசித்து, விலைக்கு வாங்குகிறாள். தன் உழைப்பில் வந்த காசில் திராட்சைத் தோட்டம் போடுகிறாள். கதிர் பிடித்து நூல் நூற்கிறாள், துணி நெய்து விற்கிறாள், வியாபாரிகளுக்குக் கச்சைகள் சப்ளை செய்கிறாள். ஏழைக்குக் கை நீட்டுகிறாள். பேசினால் ஞானமாகப் பேசுகிறாள்.

கணவர்? ஊர் வாசலில் பெரியவர்களோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றிய தகவல் ஏறக்குறைய அவ்வளவுதான். அவருடைய மனம் அவளை நம்புகிறது, அவர் அவளைப் பாராட்டுகிறார்.

கவனிக்க வேண்டியது, இந்த 22 வசனங்களில் கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அழகு பற்றி வருவது ஒரே இடம், அதுவும் அழகு நிலைக்காது, கடவுளுக்குப் பயப்படுவதுதான் பெருமை என்று சொல்வதற்காக.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இது வசதியான வீடு. வேலைக்காரப் பெண்களும் இருக்கிறார்கள். இவ்வளவையும் ஒரே பெண் தினமும் செய்து முடிக்க வேண்டும் என்று இதை ஒரு 'செக் லிஸ்ட்' ஆக்கினால், விடியும் முன் எழுந்து இரவு விளக்கு அணையாமல் உழைக்கிற பெண்ணுக்குத் தூக்கம் எப்போது என்ற கேள்விக்குப் பதில் கிடையாது.

ஒரே வார்த்தை, மூன்று தமிழ்

ஹாயில் என்ற வார்த்தை பழைய ஏற்பாட்டில் நிறைய இடங்களில் வருகிறது. செங்கடலில் மூழ்கிய பார்வோனின் சேனைக்கும் இதே வார்த்தை. மக்களின் வழக்குகளைத் தீர்க்க மோசே எப்படிப்பட்ட ஆட்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அவருடைய மாமனார் சொல்லும் இடத்திலும் இதே வார்த்தை. இன்றைய இஸ்ரேலில் விமானப்படையைப் பேச்சுவழக்கில் 'ஹெயில் ஹா அவீர்' என்பார்கள். அந்த 'ஹெயில்' இதே ஹாயில்தான்.

சுவாரஸ்யம் தமிழ் பைபிளில் இருக்கிறது. புராட்டஸ்டன்ட் சபைகளில் அதிகம் பயன்படும் பழைய மொழிபெயர்ப்பில், கிதியோன் என்ற வீரனை வானதூதர் ஹாயில் சேர்ந்த பட்டத்தால் அழைக்கும்போது தமிழில் 'பராக்கிரமசாலி'. போவாஸ் என்ற நிலக்கிழாருக்கு அதே பட்டம் வரும்போது 'ஆஸ்தியுள்ள' ஆள். ரூத் என்ற பெண்ணுக்கு ஹாயில் வரும்போது 'குணசாலி'.

ஆணுக்கு வந்தால் வீரம், பணம். பெண்ணுக்கு வந்தால் குணம்.

இது தமிழில் மட்டும் நடந்தது இல்லை. கிறிஸ்துவுக்கு முன்பே செய்யப்பட்ட கிரேக்க மொழிபெயர்ப்பு, நீதிமொழிப் பெண்ணுக்குத் துணிவு என்று பொருள்படும் சொல்லைத்தான் போட்டது. அந்தச் சொல்லின் வேரே 'ஆண்' என்பதுதான். ஜெரோமின் லத்தீன் மொழிபெயர்ப்பிலும் 'வலிமையான பெண்' என்றே இருக்கிறது. 1611-ல் வந்த ஆங்கில கிங் ஜேம்ஸ் பைபிள் 'வெர்ச்சுவஸ்' என்றது. அந்தக் காலத்தில் 'வெர்ச்சு' என்றால் ஆற்றல் என்ற அர்த்தமும் உண்டு. பிறகு பெண்களைப் பொறுத்தவரை அது கற்பு, ஒழுக்கம் என்று சுருங்கியது.

குணசாலி தப்பான சொல் என்று சொல்ல முடியாது. ஆனால் "குணமான பொண்ணு" என்று வீட்டில் சொல்லும்போது நாம் நினைப்பது வேறு, நிலம் வாங்குகிற பெண் வேறு.

அந்தப் பட்டம் கிடைத்த ஒரே பெண்

'எஷெத் ஹாயில்', அதாவது ஹாயில் உள்ள பெண் என்ற தொடர் எபிரேய வேதத்தில் மூன்றே இடங்களில்தான் வருகிறது. இரண்டு நீதிமொழிகளில், பொதுவாக. மூன்றாவது இடத்தில்தான் பெயர் சொல்லி ஒரு பெண்ணுக்கு இந்தப் பட்டம் தரப்படுகிறது. அவர்தான் ரூத். அவர் இஸ்ரவேல் பெண்ணே இல்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

பெத்லகேமில் பஞ்சம். எலிமெலேக்கு, நகோமி தம்பதி இரண்டு மகன்களுடன் மோவாப் நாட்டுக்குப் பிழைக்கப் போகிறார்கள். கணவர் இறந்துவிடுகிறார். மகன்கள் மோவாப் பெண்களைக் கட்டுகிறார்கள். சுமார் 10 வருடத்தில் மகன்களும் இறந்துவிட, வீட்டில் மிஞ்சியது மூன்று விதவைகள். ஊர் திரும்பக் கிளம்பும் நகோமி, மருமகள்களைத் தாய்வீட்டுக்குப் போகச் சொல்கிறார். ஒர்பாள் அழுதுகொண்டே போகிறாள். ரூத் மாமியாரை விட மறுக்கிறாள்.

மோவாபியர் மீது இஸ்ரவேலருக்கு எவ்வளவு பகை தெரியுமா? பத்துத் தலைமுறை ஆனாலும் அவர்கள் சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் 23-ல் சட்டமே இருக்கிறது. அப்படிப்பட்ட ஊருக்குள்தான் ரூத் நுழைகிறாள். கையில் காசு கிடையாது, ஆண் துணை கிடையாது.

அறுவடையில் சிந்தும் கதிரை நிலக்காரர் பொறுக்கக் கூடாது, ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம். ரூத் கேட்டது அந்த உரிமையைத்தான். வெயிலில் மாலைவரை கதிர் பொறுக்கி, தட்டி, ஒரு எப்பா வாற்கோதுமை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். இன்றைய கணக்கில் சுமார் 20 லிட்டர் அளவு. அந்த வயல், கணவர் வழி உறவினரான போவாஸுடையது.

பிறகு நடந்ததுதான் பலரும் மேடையில் மேலோட்டமாகத் தாண்டிவிடும் பகுதி. மாமியார் சொன்ன யோசனைப்படி, ரூத் இரவில் களத்துக்குப் போகிறாள். தூங்கிக்கொண்டிருந்த போவாஸின் கால்மாட்டில் படுக்கிறாள். அவர் திடுக்கிட்டு விழித்ததும், உறவினர் என்ற முறையில் தன்னை ஏற்றுக்கொள்ளும்படி நேரடியாகக் கேட்கிறாள். கல்யாணப் பேச்சைப் பெண்ணே எடுக்கிறாள், அதுவும் நடு ராத்திரியில்.

'அடக்கமான பெண்' என்ற அளவுகோலில் பார்த்தால் ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. ஆனால் சரியாக அந்த இடத்தில்தான், அந்த ராத்திரியில்தான், போவாஸ் அவளை எஷெத் ஹாயில் என்கிறார். ஊருக்கே அது தெரியும் என்கிறார். எபிரேயத்தில் அங்கே 'ஊர் வாசல்' என்றுதான் இருக்கிறது. வழக்கும் வியாபாரமும் நடந்த இடம் அது. நீதிமொழிப் பெண்ணின் பெருமை பேசப்படுவதும் ஊர் வாசலில்தான்.

ரூத்தின் மகன் ஓபேத். ஓபேத்தின் பேரன் தாவீது அரசர். அப்படியானால் அந்த மோவாபியர் தடைச் சட்டம் என்ன ஆனது? தடை மோவாப் ஆண்களுக்குத்தான், பெண்களுக்கு இல்லை என்று யூத சட்டத் தொகுப்பான மிஷ்னா தெளிவுபடுத்தியது.

யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை ராத்திரி

யூதக் குடும்பங்கள் பலவற்றில் ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவு, சாப்பாட்டுக்கு முன் இந்த 22 வசனங்களையும் பாடுவது வழக்கம். கபாலா ஞானிகள் வழியாகப் பரவிய பழக்கம் இது. அவர்களுக்கு இந்தப் பாட்டின் நாயகி மனைவி மட்டும் இல்லை, கடவுளின் பிரசன்னமே. ராஷி என்ற உரையாசிரியர் இவளைத் தோரா என்றும் பார்த்தார். கிறிஸ்தவத்தில் அகஸ்டின் திருச்சபை என்றார்.

ஆனால் யூத மரபில் இந்த வசனத்துக்குச் சொல்லப்படும் ஒரு கதைதான் நெஞ்சைப் பிசையும். நீதிமொழிகளுக்கான மித்ராஷ் நூலில் வருகிறது. ரபி மேயர் ஒரு ஓய்வுநாளில் கல்விக்கூடத்தில் இருக்கும்போது, அவருடைய இரண்டு மகன்களும் வீட்டில் இறந்துபோகிறார்கள். மனைவி அவர்களை மேல்மாடியில் கிடத்தி, துணியால் மூடிவிட்டுக் காத்திருக்கிறார். ஓய்வுநாள் முடிந்து கணவர் வந்து பிள்ளைகள் எங்கே என்று கேட்கிறார். கல்விக்கூடம் போனதாகச் சொல்லிச் சமாளித்து, ஓய்வுநாளை முடிக்கும் சடங்குக் கோப்பையைக் கொடுக்கிறார். சாப்பிட வைக்கிறார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்கிறார்: ஒருவர் என்னிடம் ஒரு பொருளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிக் கொடுத்தார், இப்போது திரும்பக் கேட்கிறார், கொடுக்கலாமா? இதில் என்ன சந்தேகம், உடையவரிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்கிறார் ரபி. மனைவி அவர் கையைப் பிடித்து மாடிக்கு அழைத்துப் போகிறார்.

இப்படி அவரைத் தேற்றியதற்காகத்தான் 'எஷெத் ஹாயில்' என்று சொல்லப்பட்டிருக்கிறது என்று அந்தப் பகுதி முடிகிறது. மித்ராஷில் அந்தத் தாய்க்குப் பெயர் இல்லை. பிற்கால மரபு அவரைப் பெரூரியா என்று அழைக்கிறது.

இயேசுவின் வம்சப் பட்டியலில் இருக்கும் பெண்கள்

புதிய ஏற்பாட்டின் முதல் பக்கம் மத்தேயு தரும் வம்ச அட்டவணை. அப்பா பெயர், மகன் பெயர் என்று ஓடும் அதில் மரியாளுக்கு முன் நான்கு பெண்கள் இடம் பிடிக்கிறார்கள்: தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி பத்சேபாள். பத்சேபாளின் பெயரைக்கூடப் போடாமல், தாவீது அபகரித்தது யாருடைய மனைவியை என்று மத்தேயு சொல்லிவிடுகிறார்.

ராகாப் எரிகோவில் பாலியல் தொழில் செய்த பெண். உயிரைப் பணயம் வைத்து இஸ்ரவேல் ஒற்றர்களைக் காப்பாற்றியவர். தாமாரின் கதை இன்னும் சிக்கலானது. கணவர் இறந்த பிறகு, அன்றைய முறைப்படி கொழுந்தனைக் கட்டிவைக்க வேண்டிய மாமனார் யூதா, அவரை ஏமாற்றித் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். தாமார் முகத்தை மூடிக்கொண்டு வழியில் உட்கார்ந்து, யூதாவாலேயே கர்ப்பமாகிறார். நெருப்பில் எரிக்கத் தீர்ப்பு சொன்ன யூதாவிடம், அவர் அடையாளமாகக் கொடுத்த முத்திரையையும் கோலையும் அனுப்பிவைக்கிறார். தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று யூதா ஒப்புக்கொள்ள வேண்டியதாகிறது.

கற்பை மையமாக வைத்த கதையே இல்லையா என்றால், இருக்கிறது. இரண்டு முதியவர்களின் பொய்க் குற்றச்சாட்டில் மரண தண்டனை வரை போன சூசன்னாவை, தானியேல் குறுக்கு விசாரணை செய்து காப்பாற்றும் கதை. கத்தோலிக்க பைபிளில் தானியேல் புத்தகத்தின் 13-ஆம் அதிகாரமாக இருக்கும் இது, யூத வேதத்திலும் புராட்டஸ்டன்ட் பைபிளிலும் இல்லை.

நூற்று நெய்த நீதிமொழிப் பெண்ணுக்குப் புதிய ஏற்பாட்டில் நெருக்கமானவர் யோப்பா ஊரின் தொற்காள். அப்போஸ்தலர் நடபடிகள் 9-ஆம் அதிகாரத்தில் வருகிறார். அவர் இறந்ததும் ஊர் விதவைகள் கூடி அழுகிறார்கள். அவர்கள் பேதுருவிடம் காட்டியது, தொற்காள் தங்களுக்குத் தைத்துக் கொடுத்த உடுப்புகளை.

எங்கே படிக்கலாம்?

ரூத் புத்தகம் மொத்தமே 4 அதிகாரம், அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம். கிறிஸ்தவ பைபிளில் நியாயாதிபதிகளுக்கு அடுத்து இருக்கும். யூத வேதத்தில் இடம் வேறு. 1008-ல் எழுதி முடிக்கப்பட்ட லெனின்கிராட் கையெழுத்துப் பிரதியில், நீதிமொழிகளின் அந்தக் கடைசிப் பாட்டு முடிந்ததும் அடுத்து வருவது ரூத்தின் கதைதான்.