ஜப்பானியர் கல்வியும் நம் அண்டைப் பல்கலைக்கழகமும்

மல்லாபூர்வாழ் தமிழராகிய நமக்கு உஸ்மானியாப் பல்கலைக்கழகம் அண்டை அயல் போன்றது. அதன் தொடக்கக் காலத்திலேயே ஐதராபாத் கல்வியாளர் ஜப்பானை உற்று நோக்கினர் என்பது நாம் அறியத்தக்க செய்தியாகும்.

1918இல் தோன்றிய அப்பல்கலைக்கழகம் உருதுவைப் பயிற்றுமொழியாக ஏற்றது. அந்நாளில் அரசின் கல்வி இயக்குநராயிருந்த சையத் ராஸ் மசூத் 1922இல் ஜப்பான் சென்று, அந்நாட்டுக் கல்விமுறையை ஆராய்ந்தார். அவரது அறிக்கை 1923இல் நூலாயிற்று.

ஜப்பான் 1872இல் கல்விச் சட்டம் இயற்றியது. 1877இல் தோக்கியோப் பல்கலைக்கழகம் கண்டது. அங்கே முதலில் அயல்நாட்டார் பலர் தம் மொழிகளிற் கற்பித்தனர். நாளடைவில் ஜப்பானியரே தம் மொழியிற் கற்பிக்கலாயினர். இன்றைய முறை 1947இல் அமைந்தது. மூன்று வயது முதல் மழலையர் பள்ளி உண்டு. ஆறு வயதில் தொடக்கப்பள்ளி. அங்கு 6 ஆண்டு, இடைநிலையில் 3, மேல்நிலையில் 3, பல்கலைக்கழகத்தில் 4 என்பது வரிசை. முதல் 9 ஆண்டுகள் கட்டாயக் கல்வி. மழலை முதல் பட்டம் வரை பெரும்பாலும் வீட்டுமொழியே பாடமொழி.

ஐதராபாத்திலோ மக்களுட் பெரும்பாலோர் வீட்டில் பேசியவை தெலுங்கு, மராத்தி, கன்னடம். உயர்கல்வியின் மொழி அவர்தம் அடுப்பங்கரையை எட்டவில்லை. 1948க்குப்பின் உருதுவின் இடத்தை ஆங்கிலம் பெற்றது. வேர் வீட்டில் இல்லையேல் கிளை கழகத்தில் நில்லாது அன்றோ?

நம் மக்கள் பள்ளியில் பிறமொழிகள் பயில்கின்றனர், நன்றே பயில்க! தமிழெழுத்தை நாம் கற்பித்தாலன்றி அவர் எங்ஙனம் பெறுவர்? நம் இல்லங்களே அவர்க்குத் தமிழ்த் தொடக்கப்பள்ளி ஆகுக!